ஜீவானந்தம் வாங்கிய வீடும் வாங்காத மனையும்

1991ஆம் ஆண்டு, ஆனி மாதத்தின் கடைசி வாரம். ஜீவானந்தம் கம்பெனிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் பத்திரம் எழுதும் சுப்பராயனின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பூந்தமல்லிப் பக்கம் பம்பு செய்யும் கம்பெனியில் இரும்பு கடையும் லேத்து ஓட்டுகிறவர் அவர். பிள்ளைப்பாக்கத்தில் சுந்தராம்பாளின் ஓட்டு வீட்டையும் ஆறு சென்ட் மனையையும் முப்பதாயிரத்துக்குப் பேசி முடித்திருந்தார். வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. ஆடி பிறந்துவிட்டால் புது வீட்டில் பால் காய்ச்ச முடியாது.

வீட்டைவிட அவர் மனசு கிடந்தது பின்பக்கத்துக் காலி இடத்தில்தான். அங்கே ஒரு கொட்டகை போட்டு, சொந்தமாக ஒரு பழைய லேத்து இறக்க வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருந்த ஆசை.

"பத்திரச் செலவுக்கு இன்னா வெச்சிக்கினு கீற?" என்றார் சுப்பராயன்.

"ஆயிரத்தைநூறு."

சுப்பராயன் பேனாவைக் கீழே வைத்தார். "எழுதற தொகையில நூத்துக்குப் பத்துக்கு மேல முத்திரைத்தாளுக்கே போவும். அப்பால பதிவுக் கட்டணம், என் கூலி. எல்லாம் சேந்து நாலாயிரத்தத் தாண்டும்பா."

இரும்பில் ஒரு நூல் பிசகாமல் கடையத் தெரிந்த மனிதர், வீடு வாங்க வீட்டின் விலைக்கு மேல் ஏதோ கொஞ்சம் இருந்தால் போதும் என்று நம்பியிருந்தார். பி.எஃப். பணம், சீட்டுப் பணம், மனைவி கலைமதியின் வளையல் எல்லாம் அந்த முப்பதாயிரத்துக்குள் போய்விட்டன.

"அத்துக்கு ஏன் மூஞ்சி தொங்குது?" என்று சுப்பராயனே வழி சொன்னார். "வூட்ட வுட்டுட்டு காலி மனைன்னு பத்தாயிரத்துக்கு எழுதிடலாம். ஊரே அப்டித்தான் எழுதுது."

ஜீவானந்தம் தலையாட்டினார். சுப்பராயன் வெள்ளைத்தாளில் நகல் எழுதி முடிக்கும் நேரத்துக்கு சுந்தராம்பாளும் வந்து சேர்ந்தாள். தண்டலத்தில் மகள் கனகத்தோடு போய் இருக்கப்போகிறவள். நகலை வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். 'காலி மனை' வந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"காலியா? அப்ப நான் இத்தினி வருசமா எங்கய்யா படுத்துகினு கெடந்தேன், ஆகாசத்துலயா?"

"பத்திரத்துக்காக எழுதறதும்மா. ஒனக்கு ரூபா முழுசா கைல வந்துடும்" என்றார் சுப்பராயன்.

"ரூபா வரட்டும். என் வூட்டுக்காரு சூளையில கூலிக்குப் பதிலா கல்லா வாங்கியாந்து, ராவும் பகலும் கட்டுன வூடு. அது இல்லவே இல்லன்னு நான் கைநாட்டு வெக்கணுமா? நீ வெச்சிக்கோ."

"ஒங்கிட்ட வூடு வாங்கறதுக்கு தாஜ்மகால வாங்கிட்லாம்மா!"

"வாங்கேன். அதையும் காலி மனைன்னு எழுது."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜீவானந்தத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கடன் கேட்கலாம் என்று பார்த்தால், கேட்கக்கூடியவர்களிடமெல்லாம் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. வீட்டை மறைத்தால் கைநாட்டு கிடைக்காது. மறைக்காவிட்டால் பணம் போதாது. குறைக்கக்கூடியது ஒன்றுதான் இருந்தது.

"யம்மா, பின்னால கெணத்தோட சேந்த மூணு சென்ட்ட நீயே வெச்சிக்கோ. வூட்டயும் முன்பக்கத்தையும் மட்டும் இருபத்தஞ்சுக்குக் குடு. வூடுன்னே எழுதிடலாம். இருக்கற ரூபாய்ல செலவும் அடங்கிடும்."

சுந்தராம்பாள் யோசித்தாள். "தண்ணிக்கு இன்னா பண்ணுவ?"

"நீதான் சொல்லணும்."

"கெணத்துல தண்ணி சேந்திக்கற பாத்தியத இவுருக்கும் உண்டுன்னு எழுதுய்யா. கெணறும் இருக்கு இல்ல?" என்றாள் சுப்பராயனைப் பார்த்து.

"அந்த மனைய என்னைக் கேக்காம வேற யாருக்கும் குடுத்துடாதம்மா" என்றார் ஜீவானந்தம்.

"கேக்கறேன் தம்பி. ஆனா அன்னிக்கி வெல அன்னிக்கி."

ஆனி முடிவதற்குள் பத்திரம் பதிவாயிற்று. 'ஓடு வேய்ந்த செங்கல் வீடு' என்ற இடத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் சுந்தராம்பாள் பெருவிரலை மையில் வைத்தாள். அதே வாரம் கலைமதி பால் காய்ச்சினாள்.

சில வருஷங்களில் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கார் கம்பெனி வந்தது. நில விலை ஏறிய வேகத்தை ஊரே வாய் பிளந்து பார்த்தது. ஒருநாள் சுந்தராம்பாள் தண்டலத்திலிருந்து பஸ் ஏறி வந்து, சொன்ன சொல்படி ஜீவானந்தத்தை முதலில் கேட்டாள். அன்றைய விலையைச் சொன்னாள். அவர் பின்கதவைத் திறந்து அந்த இடத்தைப் பார்த்தார்.

"என்னால ஆவாது. குடுத்துடும்மா."

வாங்கியவர் இடம் முழுக்க வரிசையாக அறை கட்டி, கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட நினைத்தார். கிணற்றைத் தூர்த்தால் இரண்டு அறை கூடுதலாகக் கிடைக்கும். ஜீவானந்தம் தண்ணீர்ப் பாத்தியதை எழுதிய பத்திரத்தை எடுத்து வந்து காட்டியதால் கிணற்றைத் தூர்க்காமல் சுற்றியும், அவர் வந்துபோக வழி விட்டும் கட்டினார்கள்.

ஜீவானந்தம் சொந்த லேத்து வைக்கவேயில்லை. ரிட்டயர் ஆகும்வரை கம்பெனி லேத்தையே ஓட்டினார். கலைமதி குடத்தோடு பின்கதவைத் திறந்தால், நைட் ஷிப்ட் முடிந்து வந்த பையன்கள் கிணற்றடியில் வாளியை அவளுக்கு விட்டுவிட்டு நகர்ந்து நிற்பார்கள்.