மில் டீமை ஜெயித்த வருஷம்

எங்கள் கோரிப்பாளையத்துக்கும் ஒரு புட்பால் டீம் இருந்தது. சைக்கிள் கடை வைத்திருந்த என் மாமுதான் அதற்குக் காப்டன், கோல் கீப்பர், பந்து பஞ்சரானால் ஒட்டுகிறவர் எல்லாமே. வைகையில் தண்ணீர் ஓடாத நாளெல்லாம் மணலில் மூங்கில் நட்டு ஆடுவார்கள். மணலில் ஓடிப் பழகிய கால்கள் கட்டாந்தரையில் சும்மா இருக்குமா? அந்த வருஷம் எதிரே வந்த டீமையெல்லாம் விரட்டியடித்து, கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில் மில் டீமுக்கு முன்னால் போய் நின்றார்கள்.

மில் ஆட்களுக்குப் பூட்ஸ் உண்டு, வெள்ளைப் பனியன் உண்டு. கோல் காக்க மில் துரையே நிற்பார். எங்களவர்களுக்கு வெறுங்கால். பொம்பளைப் பிள்ளைக்கு மைதானத்தில் என்ன வேலை என்று அம்மா முணுமுணுத்ததைக் காதில் போட்டுக்கொள்ளாமல், அத்தா என்னைத் தோளில் தூக்கிப் போனார். தொண்டை கிழியக் கத்தினேன். கறிக்கடை அண்ணன் உதைத்த பந்து துரையின் காலுக்கு நடுவே புகுந்து போனதைப் பார்க்க வேண்டுமே! தோளில் நான் இருப்பதையே மறந்து அத்தா குதித்தார். நான் கீழே விழாதது அல்லாவின் கிருபை.

அதைவிடப் பெரிய சந்தோஷம் அடுத்த வாரம் வந்தது. டீமில் எல்லாருக்கும் மில்லில் வேலை தருவதாகத் துரை சொல்லியனுப்பினார். மாமுவுக்கு மட்டும் இல்லை. கோல் காக்கத்தான் துரையே இருக்கிறாரே! கறிக்கடை அண்ணன் தயங்கித் தயங்கி சைக்கிள் கடைக்கு வந்தார்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா நான் போகலண்ணே."

"கிறுக்கா மாப்ள ஒனக்கு? மாசச் சம்பளத்த யாராச்சும் வேணாம்பாங்களா? போ," என்றார் மாமு.

அம்மா பாத்தியா ஓதிச் சர்க்கரை பங்கிட்டாள். மாமு தன் பங்கையும் எனக்கே தந்துவிட்டார்.

மறு வருஷம் மாமு புதுப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு அதே மில் டீமோடு மோதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தப் பக்கமும் எங்கள் ஆட்கள், பனியன் போட்டு அந்தப் பக்கமும் எங்கள் ஆட்கள்! இப்படியொரு அதிர்ஷ்டம் வேறு எந்தத் தெருவுக்குக் கிடைக்கும்? கறிக்கடை அண்ணன் முதல் கோல் போட்டதும் கைதட்டினேன். அடுத்ததுக்கும் தட்டினேன். அதற்கப்புறம் விழுந்ததற்குக் கணக்கில்லை. ஒன்றையும் நான் விடவில்லை. எங்கள் தெருக்காரர்கள் ஏனோ வாயடைத்து நின்றார்கள். அத்தா என் கால்களை இறுக்கிப் பிடித்தார். விழுந்துவிடுவேன் என்று பயம் போலிருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் மாமுவிடம் ஓடினேன். "நம்ம ஆளுக எம்புட்டுக் கோல் போட்டாங்க, பாத்தீங்களா மாமு!"

"பாத்தேன் கண்ணு. கிட்ட இருந்துதான் பாத்தேன்," என்றார்.

மறுநாள் அவர் பந்தைத் தெருப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். கடையில் வேலை கூடிவிட்டதாம், இனி ஆட நேரமில்லையாம். கடையில் அன்று ஒரு சைக்கிள்கூட நிற்கவில்லை. ஆனாலும் நான் அதை நம்பினேன்.