எலிக்குக் கொடுத்த மருந்து

எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளை மருந்து படிக்கிறாள் என்றால் அதற்கு இரண்டு அர்த்தம்தான் உண்டு. ஒன்று டொக்டர். அது கிடைக்காவிட்டால் பார்மசி. நான் இரண்டுமில்லை. புதிதாக ஒரு மருந்தை வடிவமைத்து உருவாக்குகிற முதுநிலைப் படிப்பு என்று கல்முனைக் கடைத்தெருவில் நின்று யாருக்கு விளங்கப்படுத்துவது? மாமிமார், "அப்ப ஊசி போடத் தெரியுமா புள்ள?" என்று கேட்பார்கள். தெரியும், எலிக்கு என்பேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து மாப்பிள்ளைப் பேச்சு வராது.

வாப்பாவுக்கு மட்டும்தான் அது என்ன படிப்பென்று விளங்கியது. விளங்கியதுதான் வினையாகப் போயிற்று.

வாப்பா வேளாண்மைக்காரர். சாகாமத்துப் பக்கம் எங்களுக்கு வயல் இருக்கிறது. பல வருடங்களாக அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. லீவில் வந்திருந்த ஒரு நாள், பல்கலைக்கழகத்தில் என்னதான் செய்கிறாய் என்று கேட்டார். ஈரலிலிருந்து இரத்தத்துக்குள் சீனி திறந்துவிடப்படுகிற இடமொன்று இருக்கிறது, அதை அடைக்கக்கூடிய ஒரு பொருளைக் கம்ப்யூட்டரில் வரைந்து பார்த்துப் பிறகு ஆய்வுகூடத்தில் செய்கிறோம், வாய்க்காலில் மடையை அடைக்கிற மாதிரி என்றேன். வாப்பா சிரித்தார். மடை அடைப்பது அவருக்குத் தெரிந்த வேலை. நாலு மண்வெட்டி மண்ணில் முடிந்துவிடும்.

"செய்து முடிஞ்சா?"

"பொருளச் செய்தாச்சி வாப்பா. இனி எலியில குடுத்துப் பாக்கணும்."

"அப்ப மருந்து ரெடி."

இல்லை என்று அன்றைக்கே சொன்னேன். மனிதருக்கு வந்துசேர எத்தனையோ வருடமாகும், முக்கால்வாசி மருந்துகள் வழியிலேயே செத்துப்போகும் என்று தொண்டை வறளச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டுத் தேத்தண்ணிக் கடையில் குந்தியவர், "என்ட மகள் சீனிக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டா" என்று சொல்லிவிட்டு வந்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த ஊர் வாயே வாப்பாதான்.

அடுத்த லீவில் வந்தபோது முன்வாசலிலேயே நாற்றம் பிடித்தது. ஆய்வுகூடத்தில் பழகிய மூக்கு எனக்கு. அழுகல் என்று உடனே தெரிந்தது. வாப்பா கதிரையில் காலை நீட்டியபடி இருந்தார். பாதத்தில் பழஞ்சீலை சுற்றியிருந்தது. வயலில் நத்தை ஓடு வெட்டியதாம். வெட்டியது அவருக்கே தெரியவில்லை. சீனிக்காரரின் காலுக்கு அதெல்லாம் தெரியாது. நிலத்தில் இரத்தத்தைக் கண்டு உம்மாதான் கத்தியிருக்கிறா. நான் சீலையை அவிழ்த்தேன். பெருவிரல் கறுத்திருந்தது.

"கிளினிக்கில குடுத்த சீனிக் குளிசை ஒழுங்காக் குடிக்கிறீங்களா?"

"இல்ல. நிப்பாட்டிட்டன்."

"ஏன்?"

"உன்ட மருந்து வரப்போகுதே. ரெண்டயும் கலக்கப்படாதுதானே. உடம்பக் கொஞ்சம் காயப்போட்டு வெச்சிருக்கன்."

பூச்சிக்கும் புல்லுக்கும் தெளிக்கிற மருந்தை எங்கள் வேளாண்மைக்காரர் எண்ணெய் என்பார்கள். ஒரு எண்ணெய் அடித்த வயலில் உடனே மற்ற எண்ணெயை அடிக்கமாட்டார்கள். இடைவெளி விடுவார்கள், இல்லாவிட்டால் பயிர் கருகும். அந்த வயல் கணக்கை வாப்பா தன் உடம்பில் போட்டிருந்தார். என் மருந்துக்காக உடம்பைத் தரிசாக விட்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. உங்களுக்கென்ன பைத்தியமா என்று பெற்ற தகப்பனைப் பார்த்துக் கத்தினேன்.

அவர் அசையவில்லை. "கத்தாம அந்த மருந்தக் கொண்டா. குடிக்கிறன்."

"ஏலா வாப்பா. அது எலிக்கு."

"எலிக்கு நல்லமெண்டா எனக்கும் நல்லம்தான். நீ கொண்டாறவரைக்கும் நான் வேற ஒண்டும் குடிக்கமாட்டன். ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டன்."

பிடிவாதத்தில் நான் அவரைக் கொண்டு பிறந்தவள். நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. நடுவில் அந்தக் கால் கிடந்து அழுகியது.

உம்மாதான் ஒரு வழி சொன்னா. கிளினிக் குளிசையை இடித்துத் தூளாக்கி, வெறும் கப்சூலில் அடைத்து, இதுதான் என் மருந்தென்று கொடுக்கச் சொன்னா. "ஒரு பொய் செல்லு புள்ள. அல்லாஹ் மன்னிப்பான்" என்றா. செய்தேன். வாப்பா கப்சூலை வாங்கி, வாயில் போடாமல் உள்ளங்கையில் வைத்து இரண்டாகத் திறந்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். அந்தக் குளிசைக்கு ஒரு பழைய மீன் வெடுக்கு உண்டு. கடற்கரை ஊர்க்காரன் மூக்கை ஏமாற்ற முடியுமா?

"இத எத்தின வருசம் குடிச்சன் நான்? ஆருக்குப் பேய்க்காட்டுறாய்?" என்று தூளை வெற்றிலைப் படிக்கத்துக்குள் கொட்டினார். அதற்குப் பிறகு என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

கதை வெளியே போயிற்று. வாப்பாவின் தம்பி, என் சாச்சா, அன்று பின்னேரமே வந்து மண்டபத்தில் நின்றுகொண்டு அயல் வீட்டுக்கும் கேட்கிற மாதிரிக் கதைத்தார். எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மகள் பிறந்தாலே தகப்பன் சீமெந்துக்கு அலையத் தொடங்கிவிடுவான். வாப்பாவும் அப்படி அலைந்து கட்டிய வீடுதான் இது. மாப்பிள்ளை வராத வீடு.

"வீடு இவட பேர்ல இரிக்கி. கட்டினவன் கால் அழுகிக் கிடக்கான்" என்றார் சாச்சா. "எலிக்கு மருந்து குடுக்கிறவவுக்குப் பெத்த வாப்பாக்குக் குடுக்க ஏலாதாம்."

"அந்த எலிகளுக்குச் சீனி வருத்தத்த உண்டாக்கினதே நான்தான் சாச்சா. ஊசி போட்டு உண்டாக்கின. அதில பாதிக் கூட்டத்துக்கு மருந்து, மத்தப் பாதிக்கு வெறும் தண்ணி. கடைசில ரெண்டு கூட்டத்தயும் சாகடிச்சித்தான் ஈரல வெட்டிப் பாக்கிற. அதில உங்கட காக்காவ, என்ட வாப்பாவ, எங்க சேக்கட்டும்?"

வாப்பாதான் கதிரையிலிருந்து பதில் சொன்னார்.

"அப்ப நான் தண்ணி குடிக்கிற கூட்டம்."

"ஓம் வாப்பா. நீங்களாப் போய்ச் சேந்த கூட்டம்."

உம்மா வாயைப் பொத்திக்கொண்டா. சொன்னது கொடுமைதான். அதைவிட நல்ல சொல் அன்றைக்கு என்னிடம் இருக்கவில்லை, இன்றைக்கும் இல்லை.

லீவு முடிந்து திரும்பிப் போனேன். எலிகளின் காலமும் முடிந்திருந்தது. "உங்கட ஆக்களுக்கு அறுத்துப் பழக்கம்தானே" என்று சிரித்துக்கொண்டே, கூடப் படித்தவள் கொல்லும் வேலையை என் பக்கம் தள்ளிவிட்டாள். வீட்டில் கோழி அறுத்தால் குசினிக்குள் ஓடி ஒளிகிறவள் நான். ஆனாலும் செய்தேன். கை நடுங்காமல் செய்தேன். அவள் சொன்னதற்காகவே நடுங்காமல் செய்தேன்.

மருந்து கொடுத்த எலிகளுக்குச் சீனி இறங்கியிருந்தது. கணக்குப்படி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வயிற்றைத் திறந்தால் ஈரல் வெந்ததுபோல வெளிறிக் கிடந்தது, இடுக்கி பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. ஒன்றிரண்டில் அல்ல, அந்தக் கூட்டம் முழுக்க அப்படித்தான். தண்ணீர் குடித்த எலிகளின் ஈரல் அதைவிட நன்றாக இருந்தது. மடை அடைபட்டுத்தான் இருந்தது. வயல்தான் செத்துப்போயிருந்தது.

பேராசிரியர் மேசையில் கையை ஊன்றி ஈரல் தட்டைக் குனிந்து பார்த்தார். அத்தனை வருட உழைப்பு அந்தத் தட்டில் கிடந்து உதிர்ந்தது. எனக்கோ உள்ளுக்குள் ஒரு குதியாட்டம். நான் கொடுக்கவில்லை. வாப்பாவுக்கு நான் கொடுக்கவில்லை. ஊரே எனக்கு மாறாக நின்றபோதும் நான்தான் சரி.

அதற்குச் சில நாட்களில் உம்மா போன் எடுத்தா. காய்ச்சலில் வாப்பா நினைவில்லாமல் விழுந்திருக்கிறார். மாட்டேன் என்று சொல்ல வாய் எழும்பாத அந்த நேரத்தில்தான் அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பஸ்ஸில் வரும்போது காலைப் பற்றி அழுதேன். அழுகைக்கு நடுவில், அந்த ஈரல் கதையை வாப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று வசனமும் கட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் சாய்த்திருந்தார்கள். பக்கத்தில் சாச்சா. கட்டிக்கொண்டு வந்த வசனத்தை நான் அப்படியே சொன்னேன். குடித்த எலிகளுக்கெல்லாம் ஈரல் போயிற்று, நீங்கள் குடித்திருந்தால் மௌத்தாகியிருப்பீர்கள் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று அவர் சொல்வதற்காகக் காத்து நின்றேன்.

"மருந்த வெளிநாட்டுக்காரனுக்கு வித்துப்போட்டு இப்ப இப்பிடிச் செல்றா" என்றார் சாச்சா.

வாப்பா அவரைக் கையால் அமர்த்தினார். சீலை சுற்றிய மொட்டைக் காலை நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"அப்ப உன்ட மருந்து பிழைச்சிட்டு. சரிவரல்ல."

"ஓம் வாப்பா."

"மறுகா, இவ்வளவு காலம் படிச்ச படிப்பு? பட்டம் தரமாட்டாங்களா?" அவர் குரலில் நிசமான கவலை இருந்தது.

"தருவாங்க வாப்பா. எப்பிடிப் பிழைச்சதெண்டு சரியா எழுதினாப் போதும்."

"பிழைச்சாலும் தருவாங்க?"

"ஓம்."

சாரனை இழுத்து மொட்டையை மூடினார்.

"அப்ப எலிக்கும் எனக்கும்தான் நட்டம்" என்றார்.

பிறகு உம்மாவைக் கூப்பிட்டு, கிளினிக் குளிசையைக் கேட்டு வாங்கி, என் முகத்தைப் பார்த்தபடியே வாயில் போட்டு விழுங்கினார்.