மாவுக்குக் கேட்கும்

எங்கள் வீட்டில் மா குழைத்து வைத்திருக்கும் நேரத்தில் யாரும் அழக்கூடாது. சண்டை பிடிக்கக்கூடாது. செத்தவீட்டுக் கதை, வருத்தக் கதை, வேலை போன கதை எதுவும் வாயில் வரக்கூடாது. மாவுக்குக் கேட்கும் என்பார் அம்மா. கேட்டால் பொங்காது. பள்ளிக்கூடத்தில் யாராவது அடித்து நான் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தால்கூட, "வெளியில நிண்டு அழுது முடிச்சிட்டு வா, உள்ள மா இருக்கு" என்று கதவடியிலேயே மறித்துவிடுவார். ஹவுன்ஸ்லோவில் வாசலில் நின்று நிம்மதியாக அழவும் முடியாது. ஒன்று மழை வரும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அன்ரி வந்து விசாரணையைத் தொடங்குவார்.

இது அம்மா வீட்டு வழக்கம். அவருடைய அப்பாவுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பேக்கரி இருந்தது. போறணை என்று சொல்கிற பெரிய விறகு அடுப்பில் பாணும் பணிசும் சுட்டு விற்ற குடும்பம். ஒருநாள் அங்கே வேலை செய்த ஒருவர் மாத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, யாரோ கிணற்றில் விழுந்த கதையைச் சொன்னாராம். அன்றைய பாண் முழுவதும் ரொட்டி மாதிரித் தட்டையாக வந்ததாம். இதைக் கேட்கும்போதெல்லாம் அப்பா, "ஈஸ்ட் பழசாயிருந்திருக்கும்" என்பார். அம்மா அவரை ஒரு பார்வை பார்ப்பார். அதோடு சரி.

நானும் முதலில் நம்பவில்லை. லண்டனில் வளர்கிற பிள்ளைக்கு மாவுக்குக் காது இருக்கிறது என்றால் நம்புமா? எட்டு வயதில் ஒருநாள், அம்மா வேலையால் வர முதல், இரண்டு கிண்ணத்தில் நானே மா குழைத்தேன். எங்கள் வீட்டில் மாடிப்படி ஏறினதும் வெந்நீர் டாங்க் இருக்கும் அலுமாரி ஒன்று இருந்தது. வீட்டிலேயே வெக்கையான இடம் அதுதான். துவாய் காய்வதும் மா பொங்குவதும் அதற்குள்தான். எங்கள் துவாய்களில் எப்போதும் பாண் மணக்கும். ஒரு கிண்ணத்துக்குத் தேவாரம் பாடினேன். மற்றதைப் பள்ளிக்கூட மைதானத்தில் பழகிய அத்தனை இங்கிலீஷ் கெட்ட வார்த்தைகளாலும் ஏசினேன். தேவாரம் கேட்டது கிண்ணத்தைத் தாண்டி வழிந்தது. ஏச்சு வாங்கியது வைத்தபடியே கிடந்தது. இப்போது யோசித்தால் அதில் ஈஸ்ட் போட மறந்திருப்பேன் என்றுதான் படுகிறது. அன்றைக்கு அப்படிப் படவில்லை. எங்கள் குடும்பத்திடம் ஒரு மந்திரம் இருக்கிறது, அது துவாய் அலுமாரிக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பல நாள் பெருமையாகத் திரிந்தேன்.

அம்மா எயார்போட்டில் விமானச் சாப்பாடு அடுக்கும் இடத்தில் வேலை செய்தார். விடிய முதல் ஷிப்ட். நாள் முழுக்கக் குளிரூட்டிய மண்டபத்தில் நின்று, யாரோ வானத்தில் இருந்துகொண்டு சாப்பிடப்போகிற தட்டங்களில் சின்னச் சின்னப் பாண் வைக்கிற வேலை. "அதெல்லாம் ஒரு பாணே, பஞ்சு" என்று ஏசிக்கொண்டு வருவார். வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிவிடுவார். அப்பா மினிகாப் ஓட்டினார். ஒருவர் வர மற்றவர் போவார். யார் கூடக் களைத்தது என்பதுதான் எங்கள் வீட்டில் நடந்த ஒரே போட்டி. சனிக்கிழமைகளில் மட்டும் அம்மா மா குழைப்பார். அன்றைக்கு வேறு வழியில்லாமல் எல்லோரும் நல்ல கதை மட்டும் கதைப்போம். அந்த ஒரு நாள்தான் எனக்கு வீடு பிடிக்கும்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது மாமா ஊரில் இருந்து வெளிக்கிட்டார். மாமா அம்மாவின் ஒரே தம்பி. அவர்களுடைய தாய் நேரத்தோடு போய்விட்டதால் அம்மாதான் இடுப்பில் தூக்கி வளர்த்தவர். பேக்கரியில் ஷெல் விழுந்த பிறகு அவரை அங்கே விட்டுவைக்க ஏலாது என்று, ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலமாக லண்டனுக்கு எடுப்பிக்க ஏற்பாடு செய்தார்கள். அந்த நாளில் கன பேர் அப்படித்தான் வந்தார்கள். ஒரு நாட்டில் இறக்கி, ஓர் அறைக்குள் அடைத்து வைத்து, பிறகு இன்னொரு நாடு. கடைசியாக மாமா மாஸ்கோவில் இருந்து ரெலிபோன் எடுத்தார்.

"அக்கா, இஞ்ச ஒரே ஸ்னோ. எங்கட கடையில மா மூட்டை வெடிச்ச மாதிரிக் கிடக்கு."

அம்மா சிரித்தார். சிரித்த வாய் மூட முதலே, "காதை மூடிக் கட்டு. ரெண்டு சொக்ஸ் போடு. சாப்பிடாமல் கிடவாதை" என்று அடுக்கத் தொடங்கிவிட்டார். முன் அறையில் மாமாவுக்கென்று ஒரு மடக்குக் கட்டில் வாங்கிப் போட்டோம். அதற்குப் பிறகு நான் ரீவி பார்க்க நிலத்தில் குந்தவேண்டி வந்தது. வாற மனிசன் கெதியாய் வந்து தொலைக்கட்டும் என்று எனக்கு எரிச்சல். ரெலிபோன் வரவில்லை. கோல் வராத ஒவ்வொரு நாளும் அம்மா கட்டில் விரிப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஹரோவில் இருந்து பெரியப்பா வந்தார். அப்பாவின் தமையன். அவர் வாரநாளில் வருகிற ஆளே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் ரெயின் பிந்தினதைப் பற்றி ஒருபாட்டம் புலம்பிவிட்டுத்தான் கோட்டைக் கழற்றுவார். மாமாவைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டி வந்தால் எடுக்கச்சொல்லி ஏஜென்சிக்காரனுக்குக் கொடுத்திருந்ததும் அவர் வீட்டு நம்பர்தான். அம்மா கதவைத் திறந்தார். நான் பின்னால் நின்றேன். பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவருடைய முகத்தைப் பார்த்தார்.

"உள்ள வாங்கோ அத்தான். மா வைச்சிருக்கிறன்."

வைத்திருக்கவில்லை. எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தால் வந்ததும் அந்த அலுமாரிக்குள் துவாய் எடுத்தது நான்தானே. பெரியப்பா குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கிற நேரத்துக்குள் அம்மா குசினிக்குள் போய், கேத்தலைப் போட்டு, மாவைக் கொட்டிவிட்டார். அந்த வேகத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை. முழங்கை வரைக்கும் மா. கிண்ணத்தைத் துணியால் மூடி மேலே கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்து, கதவைச் சாத்தி, அதன் மேல் ஒரு நிமிடம் முதுகைக் கொடுத்து நின்றார்.

பெரியப்பா அந்த மடக்குக் கட்டிலில் இருக்கப்போய், பிறகு என்ன நினைத்தாரோ, எழும்பி ஓரக் கதிரையில் இடிச்சபுளி மாதிரி இருந்தார். கொஞ்சத்தில் அப்பாவும் வந்தார்.

"என்ன அண்ணை, இந்த நேரத்தில?"

"சும்மாதான். உன்ர மனுசி மா வைச்சிருக்கிறாவாம்," என்றார் பெரியப்பா.

ஈஸ்ட் பழசு என்று நையாண்டி பண்ணுகிற மனிசன், வாயில் கொழுக்கட்டையை வைத்தது போல நின்றார். பிறகு மூன்று பேரும் நல்ல கதை கதைத்தார்கள். ஹரோவில் ஒரு கடையில் நல்ல முருங்கைக்காய் வந்திருக்கிறதாம். பெரியப்பாவின் மகளுக்குப் பியானோச் சோதனை பாஸாம். "நல்லது, நல்லது" என்றார் அம்மா. தலைக்கு மேலால் விமானம் போகும்போது மூன்று பேரும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். விமானம் போன பிறகும் யாருக்கும் விட்ட இடம் ஞாபகம் வரவில்லை. மா பொங்கி, பாண் வெந்து, சம்பலோடு மேசைக்கு வந்தது. பெரியப்பா ஒரு துண்டைத் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினார்.

அப்பா அவரை வழியனுப்பப் போனார். நான் மேல் ஜன்னலால் பார்த்தேன். கேற்றடியில் பெரியப்பா அப்பாவின் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். இன்னொரு விமானம் தாழப் போனதால் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அப்பா பக்கத்து வீட்டுக் கட்டை மதிலில் அப்படியே குந்திவிட்டார். யாரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த நிமிடத்தில் இருந்து எனக்குத் தெரியும்.

அப்பா உள்ளே வந்தபோது அம்மா அடுத்த மாவைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"இதென்ன, திருப்பியுமோ?"

"ஓம். அன்ரி வீட்டுக்குக் குடுக்கோணும்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டு அலுமாரியில் மா இல்லாத நேரமே இருக்கவில்லை. ஷிப்டுக்குப் போக முதல் ஒன்று வைப்பார். நான் பள்ளிக்கூடத்தால் வந்து அதை எடுத்து அடித்து உருட்டித் தட்டில் வைக்க வேண்டும். அம்மா வந்து சுட்டுவிட்டு, சுடுகிற போதே மற்றதைக் குழைப்பார். பாண், சீனிப் பணிஸ், மீன் பணிஸ். வீட்டில் வைக்க இடமில்லை. அன்ரி வீட்டுக்குக் கொடுத்தோம். அவர் பதிலுக்கு ஊறுகாய் தந்தார், பிறகு அவரே வேண்டாம் என்று கும்பிட்டார். என் ரீச்சருக்குக் கொடுத்தோம். அப்பா மினிகாப்பில் ஏறின சனத்துக்குக் கொடுத்தார். எனக்குப் பாண் மணம் அரியண்டமாகிவிட்டது. அம்மா நின்றபடியே தூங்கினார். விரல்கள் வீங்கி மோதிரம் இறுகி, சவர்க்காரம் போட்டுக் கழற்றி வைத்தார். ஒருநாள் தட்டை அடுப்புக்குள் தள்ளிவிட்டு அடுப்புக் கதவிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். நான் இழுத்திராவிட்டால் கன்னம் வெந்திருக்கும்.

அப்பா சொல்லப் பார்க்காமல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "இஞ்சேர், ஒரு கதை…" என்று தொடங்கினார். அம்மா ஒரு விரலைத் தூக்கி மேல்மாடியைக் காட்டினார். அப்பா கோப்பையைத் திரும்ப எடுத்துக் குடித்தார். அதற்குள் ஒரு சொட்டும் இல்லை. எனக்கு அவர் மேல் கோபமாக வந்தது. பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். பிறகு எனக்கே விளங்கியது, அவர் சொல்லிவிடுவாரோ என்று நடுங்கிக்கொண்டிருந்தது நான்தான். பாண் வெந்து முடிகிற நேரத்திலெல்லாம் நான் குசினி வாசலில் போய் நிற்பேன். "அம்மா, அடுத்தது வைக்கேல்லையா?" என்று கேட்பேன். அவர் கிண்ணத்தைக் கையில் எடுக்கும்வரை எனக்கு மூச்சு வராது. மா இருக்கும்வரை மாமா எங்கேயோ ஓர் அறைக்குள் இருக்கிறார், இரண்டு சொக்ஸ் போட்டிருக்கிறார், ரெலிபோனுக்குத்தான் வழியில்லை. அந்த வீங்கிய கைகளைப் பார்த்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டேன். அவ்வளவு ஆசை.

மந்திரம் என்றால் இதுதான். ஏசினால் பொங்காது என்பதெல்லாம் பேய்க்கதை. வளர்ந்த மனிசர் வாய்க்குள் ஒரு சாவை வைத்துக்கொண்டு, ஒரு கிண்ணம் மாவுக்குப் பயந்து, முருங்கைக்காயைப் பற்றிக் கதைத்தார்களே, அதைவிடப் பெரிய மந்திரத்தை நான் இந்த வயதுவரை காணவில்லை. அதை நடத்தியது வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றவும் பெலன் இல்லாத ஒரு மனுசி.

ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து வழமைபோல நேரே மேலே ஓடினேன். அலுமாரிக்குள் துவாய்கள் மட்டும் இருந்தன. கீழே வந்தேன். கிண்ணம் கழுவி, சிங்குக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. அம்மா வேலை உடுப்போடு மேசையில் இருந்தார், இரண்டு கையையும் முன்னால் போட்டபடி. அப்பா ஜன்னலடியில் நின்றார். காப் சாவி அவர் கையில் இருந்தது.

நான் புத்தகப் பையை எறிந்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்தேன்.

"நான் வைக்கிறன் அம்மா. எனக்குத் தெரியும். நான் வைக்கிறன்."

தண்ணீரைச் சூடாக்கப் பொறுமையில்லை. குழாய்த் தண்ணீரைப் பச்சையாகவே ஊற்றினேன். மா விரலெல்லாம் அப்பியது, மேசையெல்லாம் கொட்டியது. ஈஸ்ட் டப்பாவைத் திறக்கப் பார்த்தேன், கை வழுக்கியது. அழுதுகொண்டே குழைத்தேன். அப்பாவைப் பார்த்து, "நீங்க ஒண்டும் சொல்ல ஏலாது, மா இருக்கு, பாருங்கோ மா இருக்கு" என்று கத்தினேன். அப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அம்மா எழும்பி வந்து என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தார்.

"விடு பிள்ளை," என்றார். "அம்மாவுக்குக் களைச்சுப் போச்சு."

பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"இனி என்னால ஏலாது. சொல்லுங்கோ."

அப்பா சொன்னார். ஏதோ ஓர் எல்லையில், பூட்டின லொறி ஒன்றுக்குள், குளிரில் என்றார். பெரியப்பா வந்த அன்றைக்குத்தான் செய்தி வந்ததாம். நடந்தது அதற்கும் முதல். அம்மா ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டினார், தெரிந்த பாதையை யாரோ சொல்லக் கேட்பது போல.

"தனியாவோ?"

"இல்லை. வேறயும் பெடியள் இருந்தவங்கள்."

"பக்கத்தில ஆரும் இருந்திருப்பாங்கள், என்ன?"

"ஓம்," என்றார் அப்பா. "இருந்திருப்பாங்கள்."

"சரி," என்றார் அம்மா. என் கையை மட்டும் அவர் விடவில்லை.