எட்டாயிரத்துக்குப் பதில் ஆறாயிரம்

தேனி ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன். மூன்று இரவுகள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, அம்மாவைச் சுருளிப்பட்டி வீட்டுக்குக் கூட்டிவந்து தங்கையிடம் ஒப்படைத்து, வேலைக்காக மும்பைக்குத் திரும்பினேன். விமானிகளுக்கான பணி நேரக் கணக்கில் விடுப்பு நாளும் ஓய்வு நாள்தான். ஏட்டில் நான் நன்றாகத் தூங்கி எழுந்த கேப்டன்.

மறுநாள் காலை மதுரைக்கு விமானம் ஓட்டினேன். கொடைக்கானல் மலைப்பக்கம் இறங்கும்போது, எட்டாயிரம் அடிக்கு வரச்சொல்லிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து உத்தரவு வந்தது. நான் உயரம் வைக்கும் குமிழைத் திருகி ஆறாயிரத்தில் வைத்தேன்.

"சார், எட்டாயிரம்" என்றார் துணை விமானி. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத சென்னைப் பெண். உடனே திருத்தினேன்.

தரையிறங்கிப் பயணிகள் போனதும் அவர் காக்பிட் கதவைச் சாத்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். திரும்பிப் போறப்ப நீங்க ஓட்ட வேண்டாம்."

"எனக்கு இன்னும் டூட்டி நேரம் இருக்கு" என்றேன் சுள்ளென்று.

"நேரம் இருக்கு சார். ஆனா வர்ற வழியில ரெண்டு தடவை கண்ணசந்துட்டீங்க."

அது எனக்குத் தெரியவே தெரியாது. உயரத்தைத் தப்பாக வைத்ததைவிட அதுதான் பெரிய தப்பாகப் பட்டது. பிறகு அலுவலகத்துக்குப் போன் போட்டு, அசதியாக இருக்கிறது, என்னால் ஓட்ட முடியாது என்றேன். இருபது வருடத்தில் அந்த வாக்கியத்தை நான் சொன்னதில்லை. எதிர்முனையில் சலிப்பு தெரிந்தது. ஆனாலும் மாற்று விமானியை அனுப்ப ஒத்துக்கொண்டார்கள். அவர் வந்து சேர சாயங்காலமாகிவிடும்.

காத்திருந்த பயணிகளிடம் நானே போய்ச் சொன்னேன். போடி ஏலக்காய் வியாபாரி ஒருவர் எகிறினார். "வண்டி நல்லாத்தான நிக்கிது? ஒங்களுக்குத் தூக்கம்னா நாங்க உக்காந்து கெடக்கணுமா?"

கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் அவரைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, முடியலைன்னு நேருல வந்து சொல்றாக. சொல்லாம ஏத்திக்கிட்டுப் போயிருந்தா நமக்குத் தெரியவா போகுது? இருங்க, பொறுத்துப் போவோம்."

வியாபாரி முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். அந்தப் பெண்ணைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

வாடகைக் காரில் சுருளிப்பட்டிக்குப் போனேன். வழியெல்லாம் தூக்கம். வாசலில் தங்கை, "ஏண்ணே, நேத்துத்தான போன?" என்றாள். நடந்ததைச் சொன்னேன்.

"ஓட்ட வேண்டாம்னு சொன்ன அந்தப் பிள்ள நல்லா இருக்கணும்" என்றவள் என் போனை வாங்கி அணைத்துவிட்டுப் பாயை விரித்தாள். மறுநாள் மத்தியானம்வரை யாரும் எழுப்பவில்லை.

நடந்ததை ஒளிக்காமல் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். விசாரித்தார்கள்; தண்டிக்கவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் மறுபடி ஓட்டினேன். தற்செயலாக அன்றும் துணைக்கு அவரே வந்தார். உட்கார்ந்ததும் அவரிடம் நன்றி சொன்னேன்.

"அன்னிக்குக் கதவைச் சாத்துறப்ப வேலை போயிடுமோன்னு நெனச்சேன் சார்" என்றார் அவர்.

"அப்படி நெனச்சும் சொன்னீங்களேம்மா" என்றேன்.