நீல முகத்து வாட்ச்

வீரம்மா எதிர்த்து நின்று வென்றவை இவை: பன்னிரண்டு அடி ஆழத் தண்ணீர், முழுக்கால் சட்டையும் டீ-சட்டையும் போட்டுக்கொண்டு அந்தத் தண்ணீரில் இறங்கலாம் என்ற மானேஜரின் அனுமதி, கிளப் ஊழியர் விளையாட்டு நாளில் தோட்டக்காரரையும் சமையற்காரரையும் பின்னால் விட்டு நீந்தி வாங்கிய சுடுநீர்க் குடுவை, அண்ணியின் வாய், கடைசியாக, ஆண்கள் கட்டுகிற கனமான டைவிங் வாட்ச் ஒன்று. முதல் நான்கைப் பற்றிக் கேட்டால், "அது கெடக்கு லா" என்பாள். வாட்ச்சைப் பற்றிக் கேட்டால் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வேலை, வாட்ச் துடைப்பதாகவே இருக்கும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்வாசற்படியில் உட்கார்ந்து, பழைய பனியன் துணியில் பட்டாணியளவு பற்பசையை வைத்து, வாட்ச்சின் முகத்தில் வட்டம் வட்டமாகத் தேய்ப்பாள். மேலே இருப்பது உண்மையில் கண்ணாடி இல்லை, ஒருவகைக் கெட்டிப் பிளாஸ்டிக். சீக்கிரம் கீறும், தேய்த்தால் கீறல் போகும்.

"இப்ப வர்றதுக்கெல்லாம் கல்லு மாதிரி கண்ணாடி போடறான். கீறவே கீறாது. ஆனா ஒடைஞ்சா போச்சு. இது நம்ம ஜாதி லா, தேச்சு எடுத்தா எழுந்து வந்துரும்."

பக்கத்தில் நாளிதழ் படிக்கும் அண்ணன் தம்புசாமி இதைப் பல ஞாயிறுகளாகக் கேட்டிருக்கிறார். ஆனாலும் அந்த இடம் வந்ததும் நாளிதழைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வார். வீட்டுக்கு யாராவது புதியவர் வந்தால், டீ வருவதற்குள், "வீரம்மா, அந்த வாட்ச்ச கொஞ்சம் காட்டு" என்று அவரேதான் ஆரம்பிப்பார்.

1974இல் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் கணவன் இறந்த பிறகு வீரம்மா அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. சின்ன வயதில், அவளுக்குப் பின்னால் பிறந்தவர்களை இடுப்பில் வைத்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. தம்புசாமி ஆறாம் வகுப்பு வரை படித்து ரயில்வே ஸ்டோரில் வேலைக்குப் போனவர். அவர்தான் விசாரித்து, அம்பாங் சாலையில் ஒரு கிளப்பின் நீச்சல் குளத்தில் துண்டு எடுத்துக் கொடுக்கும் வேலையை அவளுக்குப் பிடித்துக் கொடுத்தார். மனுவில் அவளுடைய கட்டைவிரல் ரேகை. கீழே சாட்சியாக அவருடைய கையெழுத்து. அதன்பின் எந்தக் காகிதம் வந்தாலும் அந்த ஏற்பாடுதான்.

குளத்தில் இறங்குமுன் உறுப்பினர்கள் வாட்ச்சைக் கழற்றி அவளிடம் நீட்டுவார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனி முகத்துண்டில், முகம் மேலே பார்க்க வைப்பாள். எழுத்து தெரியாது, எண் தெரியும், சின்னங்கள் தெரியும். கிரீடம் போட்டது ரோலெக்ஸ். லாடம் போட்டது ஒமேகா. றெக்கை விரித்தது லாஞ்சின்ஸ். எண்ணெய்க் கம்பெனிக்காரர் ஒருவர் ஆரஞ்சு முகம் கொண்ட ஒன்று கட்டிவருவார். கலங்கிய கடலுக்கடியிலும் கண்ணில் படுவதற்காக அந்த நிறம் என்று அவளுக்கு விளக்கியவர் அவர்தான். வெளிவளையம் எதற்கு என்பதையும் அவரே சொன்னார். முங்கும்போது வளையத்திலுள்ள முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பிவிட்டால், எவ்வளவு நேரம் அடியில் இருந்தோம் என்று வளையமே காட்டிவிடும். வீரம்மா இன்றுவரை அந்த வளையத்தைத் திருப்பி வைத்துத்தான் சோறு வடிக்கிறாள்.

இருநூறு மீட்டர் ஆழம் தாங்கும் என்று போட்டிருக்கிற வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். தங்க வாட்ச்சுகளை அவள் மதிப்பதே இல்லை. "தங்கத்துல செஞ்சா அது வளையல். வாட்ச்னா வேல செய்யணும், தண்ணி குடிக்கக் கூடாது."

நான்கு வருஷம் கழித்து, கூட்டுச் சீட்டில் அவள் முறை வந்ததும், அண்ணனை அழைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் பெரிய சாலையிலிருந்த சீனர் கடைக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டியில் நீலமுகத்து டியூடர் வாட்ச் ஒன்று இருந்தது. யாரோ கட்டி விற்றது. சதுர மூக்கு வைத்த முள், கேடயச் சின்னம், நீல வளையம். பஸ்ஸுக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்துப் பார்த்து வைத்திருந்தாள்.

"தங்கச்சி, இது ஆம்பள ஜாம், ஆம்பள வாட்ச் லா," என்றார் கடைக்காரர். "ஒனக்கு சின்னது இருக்கு. கோல்ட் கலர். பூ போட்டது, சந்தேக், அழகு!"

"பூவ நான் தலையிலயே வெக்கிறதில்ல பாஸ், கையில எதுக்கு? அத எடு."

சங்கிலியில் சில கண்ணிகளைக் கழற்றி அவள் மணிக்கட்டுக்கு அளவாக்கினார்கள். பில்லில் பேர் கேட்டபோது வழக்கம்போல் தம்புசாமியின் பேர் எழுதப்பட்டது. அவரே கையெழுத்துப் போட்டார். வெளியே வந்தபோது வீரம்மா அந்தக் கையைத் தொங்கவிடவில்லை. அடிபட்ட கையைப்போல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பாசாரில் காய்கறிக்காரி கேட்டாள்: "என்னக்கா, அண்ணன் வாட்ச்ச கட்டிக்கிட்டு வந்துட்டீங்க?"

"ஏன், இது அண்ணன் கை மாதிரியா இருக்கு ஒனக்கு?"

குளத்தில் உயிர்காப்பாளராக இருந்த விஜயனுக்கு அது தினசரி வேடிக்கை. "அக்கா, அது கடலுக்குள்ள போற வாட்ச். நம்ம கொளம் பன்னெண்டு அடிதான்."

"அது வாட்ச்சுக்குத் தெரியுமா? கடல்னு நெனச்சிக்கிட்டு சந்தோஷமா இருக்கு. நீ சொல்லிக் கெடுத்துடாத லா."

1981ஆம் ஆண்டு முடிந்தபோது, அரசாங்கம் தீபகற்பம் முழுவதும் நேரத்தை அரைமணி முன்னால் தள்ளி வைத்தது. எல்லாரும் படுக்கப் போகுமுன் கடிகாரத்தை மாற்றிவிட்டார்கள். வீரம்மா மாற்றவில்லை. வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்து வைப்பது அவளுக்குச் சம்மதமில்லை. மறுநாள் காலை கிளப் ரேடியோவில் மணி ஒலிக்கும்போது, விநாடி பிசகாமல் வைக்கவேண்டும் என்றிருந்தாள்.

புத்தாண்டு விடுமுறை. குளக்கரை நிறைந்திருந்தது. "புது டைமா, பழைய டைமா?" என்பதே எங்கும் பேச்சு. அரைமணி முந்தி வந்து கோபித்தவர்களும், பிந்தி வந்து அசடு வழிந்தவர்களும் கடைசியில் வீரம்மாவின் மணிக்கட்டைத்தான் பார்த்தார்கள். "இருங்க லா, ரேடியோ சொல்லட்டும்" என்று அவளும் ஒரு நீதிபதியைப்போல் காக்க வைத்தாள்.

இந்த வகை வாட்ச்சில், நேரம் வைக்கிற பக்கவாட்டுத் திருகைச் சும்மா இழுக்க முடியாது. முதலில் மரையைத் திருகிக் கழற்ற வேண்டும். நேரம் வைத்தபின் அழுத்திக்கொண்டே திருகி மூடவேண்டும். மூடாவிட்டால் இருநூறு மீட்டர் வாட்ச்சும் ஓட்டை வாளிதான். அது வீரம்மாவுக்குத் தெரியாததல்ல. ரேடியோ மணி ஒலித்தது. முள்ளைச் சரியாக வைத்துத் திருகை உள்ளே தள்ளினாள். அதே நேரத்தில் ஆழப்பக்கத்திலிருந்து ஒரு சீனப் பெண், "அக்கா! மோதிரம்! மோதிரம் விழுந்துடுச்சி!" என்று கத்தினாள். வீரம்மா திருகை மூடாமலே குதித்தாள்.

மோதிரம் கிடைத்தது. கைதட்டினார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியவளின் கையை விஜயன் பார்த்தான். அவன் குரலில் வேடிக்கை இல்லை.

"அக்கா, வாட்ச் அழுவுது."

முகத்துக்குள் மூடுபனி. அதன் நடுவே உருண்டு கிடந்தது ஒரு துளி.

வீட்டில் அண்ணி அரிசி டின்னைத் திறந்து கொடுத்தாள். திருகை இழுத்துவிட்டு வாட்ச்சை அரிசிக்குள் புதைத்தார்கள். வீரம்மா சாப்பிடவில்லை. "கொளத்துத் தண்ணி மருந்துத் தண்ணி அண்ணே. துரு புடிச்சா உள்ள எல்லாம் போச்சு." விடிந்ததும் எடுத்துப் பார்த்தார்கள். பனி விலகியிருந்தது. முள் ஓடவில்லை. நான்கு மணிப் புள்ளிக்கு அருகில், நீலத்தின்மேல், தேநீர் சிந்தியதுபோல் ஒரு கறை.

இருவரும் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, நகரத்தில் வாட்ச் பழுது பார்க்கும் இடத்துக்குப் போனார்கள். பின்னறையில் பழுது பார்ப்பவர் பிரித்துப் பார்த்த பிறகு, கவுண்டரிலிருந்த இளம்பெண் வந்தாள். தமிழ்ப் பெண்தான்.

"நல்லவேள, உடனே கொண்டு வந்துட்டீங்க அங்கிள். மிஷினக் காப்பாத்திடலாம். முகம்தான் கெட்டுப் போச்சு. நீலம் இப்ப வர்றதில்ல, கறுப்பு போட்டுரலாமா?" அவள் கேட்டது தம்புசாமியை.

"புதுசா கெடைக்குதே, போட்டுக்கோயேன் புள்ள," என்றார் அவர்.

"கறுப்பு போட்டா அது வேற யார் வாட்ச்சோ," என்றாள் வீரம்மா. "நீலமே இருக்கட்டும். கறையோட இருக்கட்டும்."

இளம்பெண் தயங்கினாள். "பழைய முகத்த வெச்சா மறுபடி பூஞ்சை வரலாம் ஆன்டி. வந்தா நாங்க பொறுப்பில்ல. ஒத்துக்கிட்டதா ஓனர் கையெழுத்துப் போடணும்." அவர்கள் கொண்டுவந்திருந்த கடை பில்லைப் பார்த்தாள். "ஓனர் அங்கிள்தானே? தம்புசாமின்னு இருக்கு. அவர் என்ன சொல்றாரோ அதான்."

வீரம்மா அண்ணனைப் பார்க்கவில்லை. வாட்ச் இல்லாத இடது மணிக்கட்டை மற்றக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். வெயில் படாமல் வெளுத்த பட்டை விரல்களுக்கிடையில் தெரிந்தது.

"வாட்ச் அவளுது," என்றார் தம்புசாமி. "எழுதின பேருதான் என்னுது. அவளுக்குக் கையெழுத்து வராது."

"அப்ப ஆன்டி ரேகை வைக்கட்டும். நீங்க சாட்சி போடுங்க." இளம்பெண் மை டப்பாவைத் திறந்து வீரம்மாவின் பக்கம் நகர்த்தினாள்.

தம்புசாமியின் கை அதற்குள் பேனாவை எடுத்துவிட்டிருந்தது. வீரம்மா அதை அவர் விரல்களுக்கிடையிலிருந்து உருவிக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளு அண்ணே, வெளிச்சத்த மறைக்கிற."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்த்தது. ஒவ்வோர் எழுத்தாக இறங்கியது. தம்புசாமி தோளுக்கு மேலாகப் பார்த்தார். அந்த எழுத்துகள் அவருக்குத் தெரிந்தவை. கிளப்பில் மற்றவர்களுடையதோடு மாறிவிடக் கூடாதென்று, அவளுடைய சாப்பாட்டுத் தூக்கின் மூடியில் அவர் பச்சைப் பெயிண்டால் எழுதிக்கொடுத்த எழுத்துகள். அன்று மூடியில் இடம் போதாமல் கடைசி ‘மா’ விளிம்போரம் நெருக்கிக்கொண்டு நின்றது. இங்கே காகிதத்தில் இடம் தாராளமாக இருந்தது. ஆனாலும் வீரம்மா எழுதிய ‘மா’ அப்படியே ஒடுங்கித்தான் நின்றது.

"தேதியும் போட்டுருங்க ஆன்டி."

வீரம்மா மை டப்பாவின் மூடியைச் சத்தம் கேட்க மூடினாள். அதை அந்தப் பெண்ணிடமே தள்ளிவிட்டுத் தேதியைப் போட்டாள்: 2-1-1982.