செருப்புக் கட்டிய பனை

எங்கள் கொல்லையில் நின்ற பனைக்கு ஒரு தை மாதம் பிய்ந்த செருப்பையும் தேய்ந்த விளக்குமாற்றையும் கட்டித் தொங்கவிட்டார்கள். காய்க்காத மரத்துக்கு ரோஷம் வரட்டும் என்று எங்கள் பக்கத்தில் செய்கிற வைத்தியம் அது. புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த காலம். திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு அப்போது ஒன்பது வயது.

முன்பு அந்தக் கொல்லையில் இரண்டு பனைகள் நின்றன. ஒன்று குலை குலையாகக் காய்க்கும். மற்றது ஆண்பனை, பூ மட்டும் விடும். அப்பாவின் தங்கையான என் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மாட்டுக்கொட்டகையைப் பெரிதாக்கினார்கள். காய்க்காத மரம்தானே என்று அப்பா ஆண்பனையை வெட்டிக் கூரைக்குப் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு கோடையிலும் மிச்சமிருந்த பனையில் பிஞ்சு நிற்கவில்லை. அத்தைக்கும் பிள்ளை உண்டாகவில்லை. இந்த இரண்டையும் ஊரில் யாரோ சேர்த்துப் பேச, அந்தப் பேச்சு அன்னவாசல் பக்கம் இருந்த அத்தையின் புகுந்த வீடு வரை நடந்து போய்விட்டது. பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த அத்தையைத் திரும்ப அழைத்துப்போக யாரும் வரவில்லை. சித்திரையில் வந்து பேசுகிறோம் என்று மட்டும் சொல்லியனுப்பினார்கள். மாமாவுக்கு இரண்டாவதாக ஒரு பெண் பார்க்கும் பேச்சுதான் அது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்ததால்.

செருப்புக் கட்டிய அன்று ஒரு நாடகமும் நடந்தது. அப்பா கோடாலியை ஓங்கி, காய்க்காத மரம் எதற்கு, இப்போதே வெட்டுகிறேன் என்றார். என் அம்மாவை நாங்கள் ஆத்தா என்போம். ஆத்தா குறுக்கே போய், இந்த ஒரு வருஷம் பொறுங்கள் என்று மரத்துக்காகக் கெஞ்சினாள். ஊர் வழக்கம் அது, மரத்தைப் பயமுறுத்துவதற்கு. நான் நிஜமென்று நம்பி அழுதேன். அத்தை மட்டும் கொல்லைப்பக்கமே வரவில்லை. அடுப்படியில் ஏற்கெனவே துலக்கிய பாத்திரத்தை மறுபடி துலக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கோ வேறு கவலை. நன்றாகக் காய்த்த மரம் திடீரென்று ஏன் நின்றது? யாரைக் கேட்டாலும் கண்ணேறு என்றார்கள். கண்ணேறு ஏன் எங்கள் முருங்கையை விட்டுவிட்டது என்று கேட்டதற்குத் தலையில் ஒரு குட்டு கிடைத்தது.

கண்மாய்க்கரையில் நாலைந்து ஆண்பனைகள் நின்றன. கார்த்திகைக்கு மாவளி சுற்ற வேண்டுமானால் அங்கே போய்த்தான் காய்ந்த பனம்பூ பொறுக்குவோம். சுட்டுக் கரியாக்கி, துணியில் கட்டிச் சுற்றினால் பொறி பறக்கும். அதனால் அந்த மரங்கள் எனக்குப் பழக்கம். அந்த மாசியில் ஆடு மேய்க்கப் போனபோது புதுப்பூ விட்டிருந்தது. காலையில் பனி இறங்கிய நேரம் அடியில் நின்றால் ஒன்றுமில்லை. வெயில் ஏறி, தென்காற்று காய்ந்து வீசத் தொடங்கியதும் மேலிருந்து மஞ்சள் தூள் புகைபோல் கிளம்பியது. தும்மித் தும்மி என் கண் சிவந்தது. உதிர்ந்த பூங்கதிர் ஒன்றை வாய்க்கால் தண்ணீரில் நனைத்து உதறினேன். தூள் ஈரமாவுபோல ஒட்டிக்கொண்டது, ஒரு பொடிகூடப் பறக்கவில்லை. வெயிலில் கிடந்த இன்னொன்றைத் தட்டினேன். மறுபடி தும்மல்.

வீட்டுக்கு ஓடிவந்து பார்த்தால் மாட்டுத் தொட்டித் தண்ணீரில் அதே மஞ்சள் படிந்திருந்தது. கண்மாய் எங்கள் கொல்லைக்குத் தெற்கே. எனக்குப் புரிந்துவிட்டது. கொல்லையில் ஆண்பனை நின்றவரை, தூறல் விட்ட ஒரு மத்தியானம் போதும், தூள் பக்கத்து மரத்துக்குப் போய்விடும். அதை வெட்டியபின் கண்மாயிலிருந்து வர வேண்டும். முந்தின இரண்டு மாசியிலும் பருவம் தப்பிய தூறல். களத்து நெல் நனைந்ததென்று அப்பா வானத்தைத் திட்டியது எனக்கு நினைவிருந்தது. இந்த மாசியில் ஒரு பொட்டு மழை இல்லை. இதை யாரிடமும் சொல்லாமல், காய்க்கிறதா பார்ப்போம் என்று வைராக்கியமாக இருந்தேன்.

காய்த்தது. ஆத்தா செருப்பின் மகிமையைத் தெருவெல்லாம் சொன்னாள்.

சித்திரையில் மாமாவும் அவருடைய தாயாரும் வண்டியில் வந்து இறங்கினார்கள். ஆத்தா நுங்கு சீவி வைத்து, செருப்புக் கட்டிய கதையை அவர்களிடமும் பெருமையாகச் சொன்னாள். மாமாவின் தாயார் ஒரு நுங்கைத் தின்று முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"மரத்துக்குச் செருப்பக் கட்டலாம். மனுசிக்கு என்னத்தக் கட்டுறது?"

அப்பா தரையைப் பார்த்தார். கதவோரம் நின்ற அத்தையின் முகத்தை நான் பார்க்கவில்லை. காய்த்த பெருமை செருப்புக்குப் போவது எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

"செருப்புக்கு ஒண்ணும் காய்க்கல. அது எப்பவும் நல்ல மரந்தான். ஆம்பளப் பனைத் தூளு வந்தாத்தான் காய்க்கும். ரெண்டு வருசமா வரல. அதுக்கு இந்த மரம் என்ன செய்யும்? இதப்போயி வையிறீக."

மாமாவின் கையில் நுங்கு அப்படியே நின்றது. ஆத்தா என் தொடையில் கிள்ளினாள். சின்னப்பிள்ளை பேசுகிற பேச்சா இது என்று மாமாவின் தாயார் எழுந்துவிட்டார். மாமா மட்டும் எழவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு கதவோரம் பார்த்தார். நுங்கைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்.

"வண்டியக் கட்டச் சொல்லுங்க மச்சான். அவளும் வாரா."

வந்த காரியத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அத்தை புறப்படுமுன் கொல்லைக்குப் போய், பனையிலிருந்த செருப்பையும் விளக்குமாற்றையும் அவிழ்த்து வேலிக்கு அப்பால் எறிந்தாள். அடிமரத்தைக் கையால் ஒருமுறை துடைத்தாள். பிறகு என்னைத் தூக்கி, மூச்சு முட்ட அணைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்குக் கடைசிவரை பிள்ளை இல்லை. மாமா வேறு பெண் கட்டவும் இல்லை, ஏன் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

வண்டி போனபிறகு நானும் அழுதேன். அத்தையைப் பிரிந்த துக்கம் என்று ஆத்தா தேற்றினாள். அதெல்லாம் இல்லை. நனைந்த பூ, காய்ந்த பூ, தென்காற்று, தொட்டித் தண்ணீர் என்று அவ்வளவு பாடுபட்டு நான் கண்டுபிடித்திருக்கிறேன். காற்றைப் பற்றி என்னிடம் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லையே என்றுதான் அழுதேன்.