அண்ணன் போட்ட சூப்பர் டீசல்

கல்யாணமாகி ஸ்டுட்கார்ட்டுக்குப் போன புதிதில், கணவர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் எஞ்சினியர் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் சொன்னால் அவரே வந்து விளக்க ஆரம்பித்துவிடுவார், வந்தவர்கள் கடைசி ரயிலை விட்டுவிடுவார்கள். கார் எஞ்சின்களைச் சோதிக்கும் கூடத்தில் அவருக்கு வேலை. அதிலும் டீசல் எஞ்சின் மட்டும்.

ஒரு தடவை அவரை வேலை விஷயமாக அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவரிடம் நயாகராவைப் பார்த்தீர்களா என்று ஆசையாகக் கேட்டேன். அங்கே டீசல் பம்புகள் லாரிகள் நிற்கிற இடத்தில்தான் இருக்கின்றன, கைப்பிடியைத் தொட்டால் கையெல்லாம் பிசுக்கு என்றார். அதன் பிறகு வீட்டில் அதே பேச்சுதான். அந்த ஊர் டீசலில் கந்தகம் அதிகமாம். புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளை அது கெடுத்துவிடுமாம். சீட்டேன் எண் என்று ஒன்று இருக்கிறதாம். அது அங்கே குறைவு என்பதால் டீசல் பற்றிக்கொள்ளத் தாமதமாகி எஞ்சின் கடகடவென்று சத்தம் போடுமாம். ஜெர்மன் டீசலில் கந்தகம் இல்லை என்றே சொல்லலாம், சீட்டேனும் அதிகம். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

அந்த வருடக் கோடையில் டெக்சஸிலிருந்து என் அண்ணன் வந்தான். ஆபீஸ் வேலையாக மியூனிக் வந்தவன், விடுப்பு எடுத்துக்கொண்டு எங்களோடு ஒரு வாரம் தங்கினான். அவனிடம் அங்கே லாரி மாதிரி ஒரு பிக்கப் வண்டி இருந்தது. டீசல் வண்டி. அதன் படத்தைப் பர்ஸில் குழந்தைகள் படத்துக்கு முன்னால் வைத்திருந்தான்.

வந்த அன்றே இரண்டு பேரும் ஆரம்பித்துவிட்டார்கள். என் கணவர் அவனைக் கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப் போய், எங்கள் காரின் புகைக்குழாய்க்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்து எடுத்துக் காட்டினார். துணி வெள்ளையாகவே இருந்தது. எதிர்வீட்டு ஜெர்மன்காரர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

அண்ணன் துணியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "எங்க ஊர்ல வண்டிய ஓட்டுவோம் மாப்ள, துடைச்செல்லாம் பாக்க மாட்டோம்" என்றான்.

சனிக்கிழமை கருங்காடு என்கிற மலைக்காட்டுப் பக்கம் சுற்றிப்பார்க்கப் போவதாக ஏற்பாடு. எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். வழக்கமாக நாங்கள் டீசல் போடும் பங்கில் வண்டியை நிறுத்தினார் கணவர். அங்கே கல்லாவில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருப்பார். எனக்கு நல்ல பழக்கம். கணவரின் உத்தியோகப் பெருமையையெல்லாம் அவரிடம் நான் ஏற்கனவே அளந்து வைத்திருந்தேன்.

அண்ணன் முதலில் இறங்கி, தானே டீசல் போடுவதாகச் சொன்னான். கணவரும் இறங்கி, காரில் சாய்ந்துகொண்டு, சாலையைப் பார்த்தபடி, கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் வழுவழுப்புக் குறைந்துவிடும் என்பதையும், அதை எப்படிச் சரிசெய்கிறார்கள் என்பதையும் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தினால் அவருக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். நான் அக்காவைப் பார்க்க உள்ளே போய்விட்டேன்.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கல்லாத் திரையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"தங்கச்சி, உங்கட கார் டீசல் எல்லோ?"

ஆமாம் என்றேன்.

"உங்கட ஆக்கள் பெற்றோல் அடிச்சிட்டினம். ஓடிப் போய்ச் சொல்லுங்கோ. காரை மட்டும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்."

ஓடினேன். அண்ணன் டேங்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். கணவர் இன்னும் வழுவழுப்பில்தான் இருந்தார். நான் சொன்னதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பம்பைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் எடுத்தது பச்சைக் கைப்பிடி. அவன் ஊரில் பச்சை என்றால் பெரும்பாலும் டீசல். எங்கள் ஊரில் டீசல் கறுப்பு, பச்சை பெட்ரோல்.

கணவர், கைப்பிடிக்கு மேலேதான் எழுதியிருக்கிறதே, படிக்கவில்லையா என்று கேட்டார்.

"படிச்சேன் மாப்ள. சூப்பர்னு போட்டிருந்துச்சு. நீங்கதான நான் வந்ததுலேர்ந்து எங்க டீசல் சூப்பர், எங்க டீசல் சூப்பர்னு சொன்னீங்க? அதான் இதுன்னு நெனச்சேன்."

ஜெர்மனியில் சூப்பர் என்றால் பெட்ரோல். நான் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் அக்காவே வெளியே வந்துவிட்டார். காரை ஓரமாகத் தள்ளி விடச் சொன்னார், இழுத்துப் போகும் வண்டிக்குப் போன் செய்தார். டேங்கைக் காலி செய்தால் போதும், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது, இப்படி அடிக்கடி நடப்பதுதான் என்று அண்ணனுக்குத் தைரியம் சொன்னார். பிறகு என் கணவரைப் பார்த்தார்.

"இவர் டீசலிலதானே வேலை செய்யிறவர்?"

ஓம் அக்கா என்று அவர் பாஷையிலேயே சொன்னேன். கணவர் டயருக்குக் காற்றடிக்கும் கருவியை மிகுந்த கவனத்தோடு ஆராயத் தொடங்கினார்.

பங்குக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம். அக்காவுக்கும் ஒரு தட்டு கொடுத்தேன். உருளைக்கிழங்கில் உறைப்புப் போதாது என்றார். முதலில் மச்சானும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, பக்கத்திலேயே நின்றும் தான் கவனிக்கவில்லை என்று ஆபீஸில் தெரிந்தால் மானம் போய்விடும் என்றார் கணவர். டெக்சஸில் தெரிந்தால் தன் பிக்கப்பையே பிடுங்கிவிடுவார்கள் என்றான் அண்ணன். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். நானும் அதுவரை அடக்கி வைத்திருந்ததைச் சிரித்துத் தீர்த்தேன். கருங்காட்டை அன்று பார்க்கவில்லை. ரயிலில் வீடு திரும்பினோம்.

இரண்டு நாளில் கார் வந்துவிட்டது. ஊருக்கு விமானம் ஏற, அண்ணன் அதை மியூனிக் வரை நெடுஞ்சாலையில் ஓட்டினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர், என்னவோ, வழி நெடுக டீசலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது அண்ணனே, வண்டி சத்தமே இல்லாமல் போகிறதே, இந்த மாதிரி ஒன்று எங்கள் ஊரில் கிடைக்குமா என்று கேட்டான். அங்கே டீசல் மாறினால்தான் இந்த எஞ்சினைக் கொண்டுபோக முடியும் என்றார் கணவர். அவ்வளவுதான் சொன்னார். அதோடு நிறுத்த எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

சில வருடங்கள் கழித்து அமெரிக்காவிலும் கந்தகம் குறைந்த டீசல் வந்தது. சின்ன டீசல் கார்களும் வந்தன. அண்ணன் ஒன்றை வாங்கிவிட்டு, முதல் வேலையாகக் கணவருக்குப் போன் செய்தான். கந்தகம் குறைந்தது நல்ல விஷயம், ஆனால் சீட்டேன் இன்னும் எங்கள் அளவுக்கு வரவில்லை என்று இவர் ஆரம்பித்தார்.

"வண்டி நல்லாத்தான் ஓடுது மாப்ள" என்றான் அண்ணன்.

"சத்தம் எப்படி இருக்கு மச்சான்? போனை எஞ்சின் கிட்ட வைங்க."

அவனும் நிஜமாகவே போய் பானெட்டைத் திறந்து போனை வைத்தான். இவர் கண்ணை மூடிக்கொண்டு, கச்சேரி கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக் கேட்டார். கொஞ்சம் கடகடக்கிறது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். ஆனால் வெகுநேரம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.